அலாரம் பேனல்ல ‘கம்யூனிகேஷன் ஃபெயில்’: போகாதது சேதியா, வராதது பதிலா?

பேனல் டிஸ்ப்ளேல ‘கம்யூனிகேஷன் ஃபெயில்’னு வந்துட்டா நம்ம ஊர்ல மொதல்ல நடக்கறது சிம்மை மாத்தறது, அப்புறம் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது, அதுக்கும் அடங்கலைன்னா பேனலையே கழட்டிட்டு வேற போடறது. பாதி நேரம் இதுல ஏதோ ஒண்ணுல சரியாயிடும். எதனால சரியாச்சுன்னு யாருக்கும் தெரியாது, அடுத்த மாசம் அதே எடத்துல அதே ஃபெயில். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், இந்தப் பக்கம் க.க.சாவடி, பொள்ளாச்சின்னு தமிழ்நாடு-கேரளா பார்டருக்கு ரெண்டு பக்கமும் நகைக்கடை, நகைக்கடன் ஆபீஸ், குடோன், மில்லுன்னு அலாரம் வேலை பாக்கற எல்லாருக்கும் இது பழகின கதைதான்.

இதுல பேனல் மேல தப்பு சொல்ல முடியாதுங்க. பேனலுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: நான் அனுப்பினேன், சொன்ன நேரத்துக்குள்ள பதில் வரல. அவ்வளவுதான். பதிவுத் தபால் அனுப்பிட்டு அக்னாலெட்ஜ்மென்ட் கார்டுக்குக் காத்திருக்கற மாதிரி. கார்டு வரலைன்னா தபால் இங்கிருந்தே கெளம்பாம இருக்கலாம், வழியில தொலைஞ்சிருக்கலாம், போய்ச் சேந்து அவங்க வாங்க மாட்டேன்னு திருப்பியிருக்கலாம், இல்ல நல்லா வாங்கிட்டு கையெழுத்தும் போட்டு அந்தக் கார்டு மட்டும் திரும்பி வராம போயிருக்கலாம். அனுப்பினவருக்கு இந்த நாலும் ஒரே மாதிரிதான் தெரியும். பேனல் நாலுக்கும் ஒரே மஞ்சள் லைட்டைத்தான் போடும்.

அதனால என்னோட கருத்து என்னன்னா, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி, பேனல் அனுப்பற சேதி போய்ச் சேர்ற மானிட்டரிங் சென்டருக்கு போன் போட்டுக் கேக்கணும். இந்த அக்கவுண்ட்ல இருந்து, அதாவது இந்த எடத்துக்குன்னு சென்டர்ல குடுத்த நம்பர்ல இருந்து, கடைசியா என்ன வந்துச்சு, எத்தனை மணிக்கு வந்துச்சு, ஒரு தடவை வந்துச்சா பல தடவை வந்துச்சா? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைச்சாலே பாதி வழி தெரிஞ்சிடும். ஒரே ஈவன்ட் நாலு தடவை அங்க போய் விழுந்திருக்கு, இங்க பேனல் ஃபெயில் காட்டுதுன்னா சேதி ஒழுங்காப் போகுது, பதில்தான் வழியில சாகுது, அப்ப ஆன்டெனாவைத் திருப்பிட்டு உக்காந்திருக்கறதுல அர்த்தம் இல்ல. ஒண்ணுமே அங்க போகலைன்னாதான் நம்ம பக்கம் இருந்து தேட ஆரம்பிக்கணும். அங்க போனது கண்டபடி தப்பும் தவறுமாப் போயிருந்தா நடுவுல எவனோ சேதியைக் கெடுக்கறான். இதுல ஒரு சின்ன சிக்கல், நெறைய ரிசீவர் சாஃப்ட்வேர் ஒரே வரிசை எண்ணோட திரும்பத் திரும்ப வர்றதை ஒண்ணாச் சேத்து ஆபரேட்டருக்கு ஒரே வரியாத்தான் காட்டும், அதனால ஸ்க்ரீன்ல பாத்துச் சொல்லாதீங்க, வந்தது வந்தபடியே பதிவாகற ரா லாக்ல பாத்துச் சொல்லுங்கன்னு கேக்கணும். ஆபரேட்டர் முணுமுணுப்பாரு. கேளுங்க.

இந்த ‘பதில் வந்தாத்தான் போச்சுன்னு கணக்கு’ங்கற ஏற்பாடு இன்டர்நெட் கொண்டு வந்தது இல்லைங்க, லேண்ட்லைன் காலத்துலருந்தே இருக்கு. அடெம்கோ கம்பெனி கொண்டு வந்த காண்டாக்ட் ஐடிதான் இன்னைக்கும் பாதி பேனல் பேசற பாஷை. பேனல் சென்டருக்கு டயல் பண்ணும், அங்க இருக்கற ரிசீவர் லைனை எடுத்ததும் 1400 ஹெர்ட்ஸ்ல ஒரு பீப், கொஞ்சம் அமைதி, அப்புறம் 2300 ஹெர்ட்ஸ்ல ஒரு பீப் குடுக்கும். அது ஹேண்ட்ஷேக். அதைக் கேட்டதும் பேனல் போன் பட்டன் அழுத்தற மாதிரி சத்தத்துல நம்பரை வேகமாக் கொட்டும், ஒவ்வொரு நம்பரும் 50 மில்லி செகண்ட், நடுவுல 50 மில்லி செகண்ட் இடைவெளி. உதாரணத்துக்கு 1234 18 1131 01 015 8. மொத நாலும் அக்கவுண்ட், 18ங்கறது இது காண்டாக்ட் ஐடி சேதின்னு அடையாளம், அப்புறம் 1ன்னா புதுசா நடந்தது, அதுவே 3ன்னு வந்தா ரீஸ்டோர், அதாவது சரியாயிடுச்சுன்னு அர்த்தம், 131 வெளி வாசல் பக்கம் திருட்டு அலாரம், 01 பார்ட்டிஷன், அதாவது எடத்தோட எந்தப் பகுதி, 015 ஜோன், அதாவது அந்தப் பகுதியில எந்த சென்சார், கடைசி 8 சரிபார்ப்பு எண். எல்லாத்தையும் கூட்டினா 15ஆல மீதி இல்லாம வகுபடணும், ஜீரோவை மட்டும் 10ன்னு எண்ணிக்கணும். கூட்டிப் பாருங்க, 60 வரும். கூட்டல் சரியா இருந்தா ரிசீவர் 1400 ஹெர்ட்ஸ்ல முக்கால் செகண்டுக்குக் கொறையாம ஒரு நீள டோன் குடுக்கும், அதுக்குப் பேரு கிஸ்ஸாஃப். அது வரலைன்னா பேனல் மறுபடி அதையே அனுப்பும், பொதுவா நாலு தடவை.

லேண்ட்லைன் இருக்கற எடத்துல இதைக் காதாலயே கண்டுபிடிச்சிடலாம், லைன்மேன் வெச்சிருக்கற டெஸ்டர் போனை லைன்ல கிள்ளிவிட்டு மியூட்ல வெச்சுக் கேட்டாப் போதும். ரெண்டு பீப் கேக்குது, கிலுகிலுன்னு நம்பர் போகுது, நீள டோன் வருதுன்னா லைன் சுத்தம். ரெண்டு பீப் வந்தும் பேனல் பேசாம இருந்தா பேனலுக்கு ஹேண்ட்ஷேக் கேக்கல, சத்தம் கொறைவா வருது. நம்பர் போகுது, நீள டோன் மட்டும் வராம திரும்பத் திரும்ப கிலுகிலுன்னா ரிசீவருக்கு நம்பர் கெட்டுப் போய்ச் சேருது.

இந்தக் கடைசி கேஸ்தான் இப்ப ஜாஸ்தி. காரணம் செம்புக் கம்பி போய் ஃபைபர் வந்தது. வீட்டுக்கு, கடைக்கு எல்லாம் பழைய லேண்ட்லைன் நம்பரையே ஃபைபர் மோடத்தோட போன் போர்ட்ல குடுத்துடறாங்க, மனுஷங்க பேசறதுக்கு எந்தக் கொறையும் இல்ல, சொல்லப்போனா முன்னைவிட நல்லாவே கேக்கும். ஆனா அந்தக் குரல் இப்ப பாக்கெட் பாக்கெட்டா உடைஞ்சு போகுது. ஜி.729 மாதிரி குரலை நசுக்கற கோடெக் போட்டிருந்தா மனுஷக் குரலுக்குத் தேவையானதை மட்டும் வெச்சுட்டு மத்ததைத் தூக்கிப் போட்டுடும், 50 மில்லி செகண்ட் டோனுக்கு அங்க மரியாதை கிடையாது. அப்படி நசுக்காத ஜி.711னா தப்பிக்கும், அதுலயும் நடுவுல ஒரு பாக்கெட் விழுந்தா ஒரு நம்பர் போச்சு, கூட்டல் தப்பாச்சு, கிஸ்ஸாஃப் வராது. வெயில் நேரத்துல நல்லாப் போகுது, சாயங்காலம் எல்லாரும் வீடியோ பாக்கற நேரத்துல ஃபெயில் ஆகுதுன்னா மொதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். சர்வீஸ் குடுக்கறவங்ககிட்ட ‘போன் வேலை செய்யுதா’ன்னு கேட்டா ‘செய்யுது’ன்னுதான் சொல்லுவாங்க, அவங்க சொல்றதும் பொய் இல்ல.

லேண்ட்லைன் பத்தி இன்னொண்ணு, 2021 ஜனவரி 15லருந்து லேண்ட்லைன்ல இருந்து மொபைலுக்குக் கூப்பிட முன்னாடி 0 போடணும்னு ரூல் வந்துச்சு. மொதலாளி மொபைல் நம்பருக்கு ஆட்டோ டயலர் போட்டு வெச்சிருக்கற பழைய செட்டுல 10 நம்பர் மட்டும் இருந்தா அன்னைக்கோட அது ஊமை. அலாரம் அடிக்காத வரைக்கும் யாருக்கும் தெரியாதுங்கறதுதான் கொடுமை. பார்டர்ல இது இன்னும் கொஞ்சம் குழப்பம், ஏன்னா கூப்புடு தூரத்துல இருக்கற பாலக்காட்டுச் சித்தூருக்கு 04923, பொள்ளாச்சிக்கு 04259, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எஸ்டிடி. கடையை அந்தப் பக்கத்துலருந்து இந்தப் பக்கம் மாத்தறப்ப பேனலை அப்படியே கழட்டிட்டு வந்து மாட்டுவாங்க, உள்ள இருக்கற நம்பரை யாரும் பாக்க மாட்டாங்க.

ஐபிக்கு, அதாவது இன்டர்நெட் வழியாச் சேதி அனுப்பறதுக்கு மாறினதுல நடந்த பெரிய மாத்தம் வேகம் இல்லைங்க, மூச்சு எண்றது. லேண்ட்லைன் பேனல் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை 602ன்னு ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் அனுப்பும், அது வரலைன்னாத்தான் சென்டருக்கே தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு எவனாவது லைனை அறுத்துட்டா மறுநாள் வரைக்கும் சென்டருக்கு எல்லாம் நல்லா இருக்கற மாதிரியேதான் இருக்கும். ஐபி பேனல் நிமிஷத்துக்கு ஒண்ணு, ரெண்டுன்னு ஹார்ட்பீட், அதாவது ‘நான் உயிரோட இருக்கேன்’ங்கற சின்னச் சேதி, அனுப்பிட்டே இருக்கு. ஐரோப்பாக்காரங்க ஈஎன் 50136ன்னு ஒரு ஸ்டாண்டர்ட்ல இதை வகை வகையாப் பிரிச்சு வெச்சிருக்காங்க, ஒரே பாதை இருக்கற செட்டுக்கு எஸ்பி2ன்னா 25 மணி நேரத்துக்குள்ள பாதை போச்சுன்னு தெரியணும், எஸ்பி3ன்னா 30 நிமிஷம், எஸ்பி4 3 நிமிஷம், எஸ்பி5 90 செகண்ட், எஸ்பி6 20 செகண்ட். இந்த எழுத்தெல்லாம் நம்ம ஊர்ல விக்கற பேனல் மேனுவல்லயும் போட்டிருக்கும், படிக்கத்தான் ஆள் இல்ல. விஷயம் என்னன்னா, முன்ன லைன் ரெண்டு நிமிஷம் படுத்து எந்திரிச்சா யாருக்கும் தெரியாது, இப்ப தெரியுது. ‘பழைய பேனல் பத்து வருஷம் ஒரு கம்ப்ளைன்ட் இல்லாம ஓடுச்சு, இது வந்ததுலருந்து தொல்லை’ன்னு மொதலாளிங்க சொல்றதுல பாதி உண்மை இதுதான், பழசு தூங்கினதை யாரும் பாக்கல.

இந்த மூச்சு எண்றதுல செட்டிங் தப்பா இருந்தா இல்லாத நோய் எல்லாம் இருக்கற மாதிரி தெரியும். பேனல் 90 செகண்டுக்கு ஒரு ஹார்ட்பீட் அனுப்புது, ரிசீவரும் 90 செகண்டுக்குள்ள வரலைன்னா ஃபெயில்னு வெச்சிருந்தா ஒரே ஒரு பாக்கெட் லேட் ஆனாப் போதும், ராத்திரி பூரா ஃபெயில், ரீஸ்டோர், ஃபெயில், ரீஸ்டோர். ரிசீவர்ல காத்திருக்கற நேரம் குறைஞ்சது ரெண்டு மூணு ஹார்ட்பீட்டுக்கு எடம் குடுக்கற மாதிரி இருக்கணும். பேனல்ல ஒருத்தர், ரிசீவர்ல ஒருத்தர் தனித்தனியா செட் பண்றதால ரெண்டும் பேசி வெச்ச மாதிரி இருக்கறது அபூர்வம்.

இனி நான் பாத்ததுல எனக்கு ரொம்பப் புடிச்ச கேஸ். பார்டரை ஒட்டி ஒரு நகைக்கடன் ஆபீஸ், பேர் வேண்டாம். தினமும் சாயங்காலம் பூட்டினதுக்கப்புறம் சென்டர்லருந்து போன், ‘உங்க பிராஞ்ச் ஆஃப்லைன்’னு. காலையில வந்து திறந்தா எல்லாம் பச்சை. ஞாயித்துக்கிழமை மட்டும் நாள் பூரா ஆஃப்லைன். ரூட்டர் மாத்தியாச்சு, இன்டர்நெட் குடுக்கறவரு வந்து ஸ்பீட் டெஸ்ட் எடுத்துக் காட்டிட்டுப் போயிட்டாரு, அதுவும் பகல்ல வந்து எடுத்தது. சென்டர் லாக்ல கடைசி வரி 401, அதாவது மேனேஜர் அலாரத்தை ஆன் பண்ணி மூடினது. அதுக்கப்புறம் வெறும் அமைதி. பேனலோட சொந்த மெமரியைத் தொறந்து பாத்தா கதை வேற. 401க்கு ரெண்டு நிமிஷம் கழிச்சு மெயின் கரண்ட் போச்சு, அதுக்கப்புறம் 354, அனுப்ப முடியலன்னு ஒரு குறிப்பு. காலையில மேனேஜர் வர்ற நேரத்துக்கு கரண்ட் வந்துச்சு.

மேனேஜர் மேடத்துக்கிட்ட கேட்டா, ‘இல்லைங்க சார், சாயங்காலம் இங்க கரண்ட் எல்லாம் போறதில்லையே’ன்னாங்க. பக்கத்துல நின்ன வாட்ச்மேன் அண்ணன்தான் மெதுவாச் சொன்னாரு, ‘மேடம் போறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானுங்க போவாங்க, ஷார்ட் ஆயிடும்னு.’ அவங்க செஞ்சதுல தப்பு இல்ல, போர்டுல கிழிஞ்ச பேப்பர்ல ‘பூட்டும்போது மெயின் ஆஃப் செய்யவும்’னு மலையாளத்துலயும் தமிழ்லயும் ஒட்டியே வெச்சிருக்கு. பேனலுக்கு உள்ள 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி இருக்கு, அது ராத்திரி பூரா முழிச்சுட்டு இருக்கும். ரூட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் பேட்டரி கிடையாது, அடாப்டர் சொவத்துல. மெயினை அணைச்சதும் பேனல் உயிரோட இருக்கு, போறதுக்கு ரோடு இல்ல. அப்ப கரண்ட் போச்சுங்கற 301 சேதியாவது மொதல்லயே போயிருக்கணுமேன்னு தோணும், ஆனா சும்மா சும்மா கரண்ட் போற ஊர்ல சென்டருக்குத் தொல்லை குடுக்கக் கூடாதுன்னு அந்தச் சேதியை அரை மணி, ஒரு மணி நேரம் லேட் பண்ணித்தான் வெச்சிருப்பாங்க. அது கெளம்பற நேரத்துல ரூட்டர் எப்பவோ செத்துப் போச்சு. சென்டர் கண்ணுக்கு ‘மூடினாங்க, காணாமப் போயிட்டாங்க’, அவ்வளவுதான். ரூட்டர், மோடம் ரெண்டுக்கும் சின்ன டிசி யுபிஎஸ் ஒண்ணு போட்டு, பேனல், சிசிடிவி லைனை மட்டும் தனி எம்சிபில பிரிச்சு அதை மெயின் ஆஃப்ல இருந்து விலக்கினதோட விஷயம் முடிஞ்சுது. பிரச்சனைக்குக் கால அட்டவணை இருந்தா அதுக்குப் பின்னாடி மனுஷக் கை ஒண்ணு இருக்கும்னு இப்பல்லாம் மொதல்லயே கேட்டுடறேன், எத்தனை மணிக்குப் பூட்டறீங்க, எதை எதை அணைக்கறீங்கன்னு.

ராத்திரி எப்பவோ திடீர்னு போய், சுமார் ஒரு மணி நேரத்துல தானா திரும்பி வர்ற ஃபெயில் இன்னொரு ஜாதி. பார்டர்ல இருக்கறவங்களுக்கு இது தனியா எழுதி வெச்சது. நம்ம சிம் தமிழ்நாடு சர்க்கிள், ஆனா ஜன்னல் பக்கம் கேரளா டவர். டெல்காம்காரங்க கணக்குல ஒரே கம்பெனியா இருந்தாலும் சர்க்கிளுக்கு சர்க்கிள் வேற நெட்வொர்க் எண், ஏர்டெல் தமிழ்நாடு 40494, ஏர்டெல் கேரளா 40495. வழக்கமாப் புடிக்கற டவருக்குக் கரண்ட் போய் டீசலும் தீந்துச்சுன்னா பேனலுக்குள்ள சிம் போட்டிருக்கற மோடம் பக்கத்து மாநில டவருக்குத் தாவிடும், அது அதோட கணக்குல ரோமிங். மனுஷன் போன்ல இது தெரியறதே இல்ல. ஆனா சில பேனல்ல ‘ரோமிங்ல டேட்டா வேண்டாம்’னு ஒரு செட்டிங் ஃபேக்டரிலயே போட்டு வரும், வெளிநாட்டு பில்லுக்கு பயந்து யாரோ வெச்சது, வேலந்தாவளத்துல வந்து நம்ம கழுத்தை அறுக்குது. சிக்னல் முழுசாக் காட்டும், டேட்டா போகாது.

சரி, பழைய டவருக்குக் கரண்ட் வந்ததும் உடனே திரும்பி வரலாம்தானேன்னா, வராது. சொந்த நெட்வொர்க் இருக்கான்னு மோடம் எப்பப்ப தேடணும்ங்கற இடைவெளி சிம்லயே எழுதியிருக்கும், 6 நிமிஷத்தோட மடங்குல 8 மணி நேரம் வரைக்கும் வெக்கலாம், ஒண்ணும் எழுதலைன்னா 60 நிமிஷம்னு எடுத்துக்கணும்னு ஸ்டாண்டர்ட் சொல்லுது. அந்த ‘சுமார் ஒரு மணி நேரத்துல தானா சரியாயிடுச்சு’ங்கறதுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பாத்ததில்ல. சோதிக்கறதும் லேசு, மோடத்துக்கு நேரா உத்தரவு போடற ஏடி கமாண்ட் குடுக்க வழி இருந்தா ஏடி+சிஆர்இஜி கேளுங்க, பதில்ல 1 வந்தா சொந்த நெட்வொர்க், 5 வந்தா ரோமிங். ஏடி+சிஎஸ்க்யூ கேட்டா 0ல இருந்து 31 வரைக்கும் ஒரு நம்பர் வரும், ரெண்டால பெருக்கி 113ஐக் கழிச்சா சிக்னல் பலத்தை அளக்கற டிபிஎம் கணக்கு, 10 வந்தா மைனஸ் 93. அதுக்குக் கீழ போனா ஆன்டெனாவை வெளிய கொண்டு போறதுதான் மருந்து. 99 வந்தா அளக்கவே முடியலன்னு அர்த்தம், அதைப் பாத்து ‘சிக்னல் 99 இருக்கு சார்’னு சந்தோஷப்பட்ட ஆளுங்களும் உண்டு.

சிம் மாத்தறதுலயும் ஒரு கண்ணி இருக்கு. 2016ல ஜியோ வந்தப்ப 4ஜி மட்டும்தான் கொண்டு வந்துச்சு, 2ஜி கிடையாது, இன்னைக்கும் கிடையாது. 2ஜி மோடம் இருக்கற பேனல்ல அந்த சிம்மைப் போட்டா ஜென்மத்துக்கும் பதியாது, கடைப்பையன் போன்ல போட்டுப் பாத்துட்டு ‘சிம் நல்லாத்தான் இருக்கு’ன்னு சொல்லுவான், சண்டை நம்மகிட்ட. 3ஜி மோடம் போட்ட பேனல் வேற மாதிரி, ஏர்டெல் 2020லயே 3ஜியை நிறுத்திட்டதால அது 2ஜிக்கு எறங்கி நொண்டிட்டு ஓடும். 2ஜில இன்னொரு தொல்லை கரண்ட் இழுக்கறது, பேசற ஒவ்வொரு துளி நேரத்துக்கும் 2 ஆம்பியர் வரைக்கும் உறிஞ்சும். பேட்டரி கிழடாயிருந்தா மீட்டர் வெச்சா 12.6 காட்டும், மெயின் போய் மோடம் அனுப்ப ஆரம்பிச்ச உடனே வோல்ட் சரிஞ்சு மோடம் ரீசெட், மறுபடி எந்திரிக்கும், மறுபடி அனுப்பும், மறுபடி விழும். லோடு இல்லாம பேட்டரியை அளக்கறது வேஸ்ட்டுங்க. ரீசார்ஜ் தீந்து போறதைப் பத்தி சொல்லவே வேண்டாம், மொதல்ல பாக்க வேண்டியது அது. மெஷினுக்குன்னே இருக்கற 13 இலக்க எண் எம்2எம் சிம் 2018லருந்தே இருக்கு, அதைப் போட்டா மொதலாளியோட மச்சான் போன்ல பில் கட்டற வேலை மிச்சம்.

டவரும் நல்லா இருக்கு, இன்டர்நெட்டும் நல்லா இருக்கு, ஆனா ராத்திரியில வர்ற மொத அலாரம் மட்டும் அஞ்சாறு நிமிஷம் லேட், அடுத்தடுத்து வர்றதெல்லாம் பட்டு பட்டுன்னு போகுதுன்னா அது நடுவுல முகவரி மாத்தற நேட்ங்கற ஏற்பாடு பண்ற வேலை. மொபைல் டேட்டால நமக்குன்னு தனி பப்ளிக் ஐபி கிடைக்கறதில்ல, ஆயிரக்கணக்கான பேரு ஒரு முகவரிக்குப் பின்னாடி நிக்கறோம். யார் எந்தக் கதவு வழியாப் போனாங்கன்னு அங்க ஒரு பதிவு இருக்கும், கொஞ்ச நேரம் பேசாம இருந்தா அதை அழிச்சிடும், ரெண்டு பக்கத்துக்கும் சொல்லாது. இன்டர்நெட்ல சேதி அனுப்பறதுக்கு டிசிபி, யுடிபின்னு ரெண்டு மொறை இருக்கு, ஸ்டாண்டர்ட்ல டிசிபி இணைப்புக்கு 2 மணி 4 நிமிஷத்துக்குக் கொறையக் கூடாதுன்னும் யுடிபிக்கு 2 நிமிஷத்துக்குக் கொறையக் கூடாதுன்னும் எழுதி வெச்சிருக்கு, நெட்வொர்க்காரங்க எல்லாரும் அதைக் காப்பாத்தறாங்கன்னு நம்பி எறங்காதீங்க. பேனல் டிசிபில ஒரே இணைப்பைப் புடிச்சுட்டு ஹார்ட்பீட் இடைவெளியை நீளமா வெச்சிருந்தா, அந்த இணைப்பு செத்தது தெரியாம அதுலயே அலாரத்தை எழுதும், பதிலுக்குக் காத்திருக்கும், திரும்ப எழுதும், கடைசியில அலுத்துப் போய்ப் புது இணைப்பு போடும். அந்த நேரம்தான் அந்த அஞ்சாறு நிமிஷம். ஹார்ட்பீட்டைச் சுருக்கினா போதும். டேட்டா மிச்சம் புடிக்கறேன்னு அதை நீட்டி வெக்கறது நாலு காசு மிச்சத்துக்கு.

அடுத்தது, சேதி போய்ச் சேருது, பதிலும் வருது, ஆனா அந்தப் பதிலே ‘மாட்டேன்’. எஸ்ஐஏ டிசி-09ங்கற ஐபி முறையில ரகசியக் குறியீடு போட்டு அனுப்பினா ஒவ்வொரு சேதியிலயும் நேரமும் இருக்கணும். ரிசீவர் நேரத்தோட ஒப்பிட்டா 20 செகண்ட் முன்ன, 40 செகண்ட் பின்ன, அதுக்குள்ள இருந்தாத்தான் வாங்கும், இல்லைன்னா மறுத்துடும். பழைய சேதியைத் திருடி வெச்சு மறுபடி அனுப்பி ஏமாத்தக் கூடாதுங்கறதுக்கு இது. அந்த நேரம் ஜிஎம்டில இருக்கணும். நம்மாளு வாட்சைப் பாத்து இந்திய நேரத்தை அப்படியே போட்டு டைம் ஜோனை ஜீரோல விட்டுட்டா அஞ்சரை மணி நேரம் தள்ளி நிக்கும், எல்லாச் சேதியும் திரும்பி வரும். மறுக்கற பதில்லயே ரிசீவர் தன் நேரத்தை எழுதி அனுப்பும், புத்திசாலி பேனல் அதைப் பாத்துத் தன்னைத் திருத்திக்கும், சில பேனலுக்கு அந்தப் புத்தி இல்ல. பேங்க் மாதிரி எடத்துல ஃபயர்வால் நேரம் வாங்கற 123 போர்ட்டை அடைச்சு வெச்சிருப்பாங்க, பேனல் ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் ஆனதும் நேரம் தெரியாம முழிக்கும். சிம், வயர், ஆன்டெனா எதைத் தொட்டும் இது சரியாகாது, பேனல் கடிகாரத்தைப் பாக்கறதுக்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

கஞ்சிக்கோடு பக்கம் ஃபேக்டரிகள்ல இன்னொரு ரகம், கட்டடத்துக்குக் கட்டடம் ஃபயர் பேனலும், அது காட்டறதையே வேற எடத்துல காட்டற ரிப்பீட்டரும் ஆர்எஸ்-485 வயர்ல பேசிக்கறது. 1200 மீட்டர் வரைக்கும் போகும்னு புத்தகத்துல இருக்கறதைப் படிச்சுட்டு, ஒரு பேனல்லருந்து இன்னொண்ணுக்கு, அதுலருந்து அடுத்ததுக்குன்னு வரிசையாப் போகணும்ங்கறதை விட்டுட்டு, கெளை கெளையாப் பிரிச்சு இழுத்து வெச்சிருப்பாங்க. பவரை அணைச்சுட்டு ரெண்டு கம்பிக்கு நடுவுல ஓம் வெச்சா சுமார் 60 வரணும், ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தா அதான் கணக்கு. 120 காட்டினா ஒரு முனையில ரெசிஸ்டர் இல்ல, 40 காட்டினா எவரோ நடுவுல மூணாவதா ஒண்ணு போட்டிருக்காங்க. வேனல் மழையும் ஐப்பசி மழையும் வர்ற சாயங்காலங்கள்ல இந்தப் பக்கம் இடி எப்படி எறங்கும்னு தெரியும், ரெண்டு ஷெட்டுக்கு ரெண்டு எர்த் இருந்தா நடுவுல ஓடற அந்த மெல்லிசு வயர்தான் பாலம். ஷீல்டை ஒரு முனையில மட்டும் எர்த் பண்ணணும், கட்டடம் தாண்டற எடத்துல ரெண்டு பக்கத்தையும் கரண்ட் தாண்டாம பிரிக்கற ஐசொலேட்டட் ரிப்பீட்டரோ ஃபைபரோ போடணும். இடிக்கு அப்புறம் முழுசாச் செத்த போர்டு பரவால்ல, மாத்திடலாம், அரைகுறையா அடி வாங்கி சூடானப்ப மட்டும் சொதப்பற போர்டுதான் ஆளைக் கொல்லும்.

இத்தனைக்கும் நடுவுல சென்டர் பக்கம் ஒண்ணு நடக்குது. ராத்திரிக்கு ராத்திரி ஃபெயில், ரீஸ்டோர்னு வந்துட்டே இருந்தா ஆபரேட்டர் அந்த அக்கவுண்டை டெஸ்ட் மோடுல போட்டுட்டு மத்த வேலையைப் பாப்பாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், நூத்துக்கணக்கான அக்கவுண்ட்டை ஒரு ஆள் பாக்கறாரு, இங்க போன் பண்ணினா எடுக்கற வாட்ச்மேனுக்கு அவரு பேசற பாஷை புரியாது, அவருக்கு இவரு பேசற பாலக்காட்டுத் தமிழ் புரியாது. ஆனா டெஸ்ட் மோடுல இருக்கற அக்கவுண்ட்ல நெஜமாவே 131ன்னு திருட்டு அலாரம் வந்தாலும் அது யார் காதுலயும் விழாது. நம்ம பக்கம் கோளாறை சரி பண்ணிட்டு, அந்த அக்கவுண்டை டெஸ்ட் மோடுல இருந்து எடுத்தாச்சான்னு கேக்காம கெளம்பினா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு.

வேலை முடிஞ்சுதான்னு பாக்கறதுக்கும் ஒரு மொறை இருக்கு. ஃபைபர் ஒண்ணு, சிம் ஒண்ணுன்னு ரெண்டு பாதை போட்ட பேனல்ல டெஸ்ட் பட்டனை அழுத்தி சென்டருக்கு 601ன்னு கையால அனுப்பற டெஸ்ட் ரிப்போர்ட் போச்சுன்னா எல்லாரும் கையெழுத்து வாங்கிட்டுக் கெளம்பிடறாங்க. அந்த 601 ஃபைபர் வழியாப் போயிருக்கும், சிம் செத்துக் கெடந்தாலும் போயிருக்கும். லேன் கேபிளைப் பிடுங்கி வெச்சுட்டு ஒரு டெஸ்ட், மாட்டிட்டு ஆன்டெனாவைக் கழட்டி வெச்சுட்டு ஒரு டெஸ்ட், மெயினை அணைச்சு பேட்டரில ஒரு டெஸ்ட், அப்புறம் எல்லாத்தையும் மாட்டி மூணுக்கும் ரீஸ்டோர் வந்துச்சான்னு சென்டர்ல கேட்டு, வந்த நேரத்தையும் வந்த பாதையையும் அவங்களையே படிக்கச் சொல்லி சர்வீஸ் ரிப்போர்ட்டுல எழுதிக்கணும்.